போட்டு வாறன்

என் கணவர் பாலச்சந்திரனுக்குக் கௌபோய் பைத்தியம். வயது நாற்பத்தேழு, உடம்பில் சீனி, பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் பதினெட்டு வருடமாகக் கொத்துரொட்டி போடுகிறார். ஆனால் ஓய்வு நாள் வந்தால் போதும். அகலமான தோல் பெல்ட், அதில் உள்ளங்கை அளவு பித்தளைக் கொக்கி, கூர் மூக்குச் சப்பாத்து. அந்தக் கோலத்தில்தான் ரூ காய் தெருவுக்கு முருங்கைக்காய் வாங்க வருவார். நான் அங்கே ஒரு பலசரக்குக் கடையில் காசு மேசையில் இருக்கிறேன். "அக்கா, அண்ணை குதிரையை எங்கை கட்டிப்போட்டு வந்தவர்?" என்று கடைப் பெடியள் கேட்பார்கள். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்களை யாரும் ஏமாற்றிக் கூட்டிப் போகவில்லை. நாங்களாகத்தான் போனோம்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாலா கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். உடுப்புத் தோய்க்கிற கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அருங்காட்சியக அறிவித்தலைப் படம் பிடித்து வந்திருந்தார்.

"சிவா, இஞ்சை பாருமன். கௌபோய் மியூசே. எங்கடை லா ஷப்பலிலை. காசும் இல்லையாம்."

"கௌபோய்க்கும் லா ஷப்பலுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"முந்தி இஞ்சாலை மாட்டுச் சந்தை இருந்ததாம். மாடு சாய்ச்சுக்கொண்டு வந்த ஆக்களின்ரை சாமான் எல்லாம் வைச்சிருக்கினமாம். அமெரிக்காச் சாமானும் இருக்காம். வெளிக்கிடுமன்."

அந்த நேரம் எங்கள் மகள் தர்மிளா சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பத்து வயது. பொபினியில் அவளுடைய சிநேகிதி றொஷானியின் பிறந்தநாள். றொஷானியின் தாய் கீழே காரில் காத்துக்கொண்டிருந்தா. தர்மிளா கதவைத் திறந்துகொண்டு, "அப்பா, போறன்!" என்று கத்தினாள்.

பாலாவின் முகம் மாறிவிட்டது. தொலைபேசியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"என்ன சொன்னனீ?"

"போகிறேன்தானே, பிறகு என்ன சொல்வது?" என்றாள் அவள் பிரெஞ்சில்.

"போறன் எண்டு ஒருநாளும் சொல்லக்கூடாது. போட்டு வாறன். சொல்லு."

"அப்பா, கார் நிக்குது..."

"சொல்லிப்போட்டுப் போ."

அவள் கண்ணை மேலே உருட்டி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அது சரியாக வந்ததா என்று பாலா படிக்கட்டு வரை போய்க் கேட்டார்.

எல்லாத் தமிழ் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இவருக்கு அது வழக்கத்துக்கும் மேலே. இவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஊரில் போர் நடந்த நாட்களில், ஒருநாள் காலை தகப்பன் தாயோடு ஏதோ சண்டை பிடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு, "நான் போறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். அன்று மத்தியானம் சந்தியில் ஷெல் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருமே அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எனக்கும் கலியாணமான முதல் கிழமையே கட்டளை வந்துவிட்டது.

ரூ பஜோல் கோயிலைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே நடந்தோம். பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் கீழே மரக்கதவு. அதற்குள்ளே கல் பாவிய முற்றம். தெருவில் நல்ல வெயில் அடித்தது. முற்றத்துக்குள் கால் வைத்ததும் குளிர்ந்தது. தெருச் சத்தம் முழுவதும் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

வாசலில் ஒரு கிழவி நின்றாள். நெடிய உருவம். கணுக்கால் வரை மண்ணிறக் கோட்டு. மார்பில் மர்கரீத் என்று பெயரட்டை. கையில் இரும்பு முனை வைத்த நீளமான தடி. நாங்கள் வணக்கம் சொன்னோம். அவள் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஒருவர் வணக்கத்துக்கு வணக்கம் சொல்லாவிட்டால் கன்னத்தில் அறைந்ததற்குச் சமம்.

அவள் பாலாவின் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டைத் திருப்பி, ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினாள். ஒரு வட்டம், நடுவில் குறுக்கே ஒரு கோடு. பிறகு என்னுடைய கை. அவளுடைய விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன. நான் வாய் திறந்து "வலிக்குது" என்று சொன்னபோது, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் பல்லைப் பார்த்தாள்.

"உள்ளே நடங்கள்" என்று தடியால் நிலத்தில் தட்டினாள்.

டக்.

முதல் அறையில் பழைய படங்கள். எங்கள் தெருக்கள்தான். கட்டடங்களைக்கூட அடையாளம் கண்டேன். ஆனால் சுவருக்குச் சுவர் மாடுகள். பின்னால் நீளச் சட்டை போட்ட ஆட்கள், கையில் அதே மாதிரித் தடி. இரண்டாவது அறையில் சேணங்கள், சுருக்குக் கயிறுகள், தொப்பிகள், குறி சுடுகிற இரும்புகள். பாலாவைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு சேணத்துக்கும் முன்னால் நின்று படம் எடுத்தார். இந்த மியூசேயைத் தொடக்கியவர் ழான்-மார்க் என்ற மாட்டு வியாபாரி, இளமையில் அமெரிக்கா போய் மந்தை ஓட்டியவர் என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தது.

"சிவா, எங்கடை ஆக்களும் இப்பிடித்தான் குறி சுடுறவை" என்றார் பாலா, இரும்புகளைக் காட்டி. "பட்டியிலை மாடு கலந்துபோனா ஆற்றை எண்டு கண்டுபிடிக்க."

"சுடுவதெல்லாம் பழைய முறை."

திடுக்கிட்டுத் திரும்பினோம். மர்கரீத் எங்களுக்குப் பின்னால் நின்றாள். அவள் நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை. நாங்கள் கதைத்ததோ தமிழில்.

"மை போதும்" என்றாள் பிரெஞ்சில். "தோல் ஏற்றுக்கொண்டால் சரி."

மூன்றாவது அறை என்று சொன்னால் பிழை. அது ஒரு நடை. இரண்டு பக்கமும் இடுப்புயர இரும்புக் கம்பி. போகப் போக ஒடுங்கியது. முதலில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். பிறகு ஒருவர் பின்னால் ஒருவர். நிலம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. நடக்காமல் நின்றாலும் கால் தானாகவே முன்னுக்குப் போகும். முடிவில் இரும்புக் கதவு, பூட்டியிருந்தது.

மணம் அங்கேதான் அடித்தது. நனைந்த மயிர், சாணி, அதற்குக் கீழே பழைய இரத்தம். கைலேஞ்சியை எடுத்து வாயைப் பொத்தினேன்.

பாலா உள்ளங்கையைக் கதவில் வைத்தார்.

"சூடாக் கிடக்குது" என்றார் மெல்ல.

நானும் வைத்தேன். காய்ச்சல்காரனின் முதுகில் கை வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தில் எதுவோ பெருமூச்சு விட்டது. ஒன்றல்ல. பல. நிறைய உடம்புகள் நெருக்கிக்கொண்டு இடம் மாறுகிற சத்தம்.

"வாங்கோ, வெளிக்கிடுவம்" என்று அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக் கணவனும் மனைவியும் நின்றார்கள். மர்கரீத் அவர்களிடம், "போகிறீர்களா, திரும்பி வருகிறீர்களா?" என்று கேட்டாள்.

"போகிறோம்" என்றான் அவன்.

அவள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இருவர் மணிக்கட்டையும் துடைத்தாள். மை ஒரே இழுப்பில் போய்விட்டது. பிறகு என்னைக் கேட்டாள். நான் வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டிருந்தேன். முடிந்தது, முடிந்தது என்று கையை ஆட்டினேன். என்னுடையதையும் துடைத்தாள். எனக்கு எரிந்தது.

"நீங்கள்?" என்று பாலாவைக் கேட்டாள். "போகிறீர்களா, திரும்பி வருகிறீர்களா?"

இந்த மனிசன் இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "போட்டு வாறன் மடாம்!" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பிரெஞ்சில் விளக்கமும் கொடுத்தார். "எங்கள் ஆட்கள் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். போய்த் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்வார்கள்."

மர்கரீத் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். பஞ்சைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "நாங்கள் காத்திருப்போம்."

அந்த முத்திரை போகவில்லை.

முதல்நாள் சவர்க்காரம். அடுத்த நாள் தேசிக்காயும் உப்பும். பிறகு சட்டி தேய்க்கிற கம்பியால் நானே தேய்த்தேன். தோல் உரிந்தது, ஊதா உரியவில்லை. இரண்டு கிழமையில் வட்டமும் கோடும் தோலுக்கு மேலே தடித்து எழும்பின. மையாலே குத்தினது சுட்ட தழும்பு மாதிரி ஆகுமா? டொக்டர் பார்த்துவிட்டு அலர்ஜி என்றார், களிம்பு எழுதித் தந்தார். இவர் கதைப்பது குறைந்துவிட்டது என்று சொன்னேன். களைப்பு என்றார், அதற்கும் ஒரு குளிசை.

கதைப்பது மட்டுமா குறைந்தது? சாப்பிடும்போது ஒரு வாய் சோற்றைப் பத்து நிமிடம் மென்றார். தாடை பக்கவாட்டில் அசையும். கண் எங்கேயோ நிற்கும். நடக்கும்போது சுவரோடு உரசிக்கொண்டு நடந்தார். ஒக்டோபரில், ஜன்னல் எல்லாம் பூட்டியிருக்கிற வீட்டில், ஈ வந்து அவர் கண்ணோரத்தில் இருந்தது. அவர் அதை விரட்டவில்லை. நான் விரட்டினேன். திரும்பவும் அதே இடத்தில் வந்து இருந்தது.

அவர் குளிக்கும்போது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நீள நீளமாகக் கண்டல். தடியால் அடித்த தழும்பு.

"ஆரப்பா உங்களுக்கு அடிச்சது?"

அவர் யோசித்தார்.

"நடக்கச் சொல்லி" என்றார்.

பின்னேரம் நாலு மணிக்குப் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. இரும்பு முனை கல்லில் படுகிற சத்தம். டக். சற்று நேரம் ஒன்றும் இல்லை. டக். முதல் நாள் கீழ்த் தட்டில். அடுத்த கிழமை ஒரு தட்டு மேலே. நாங்கள் இருப்பது நாலாவது தட்டு. கதவைத் திறந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. படியில் அந்த நனைந்த மயிர் மணம் மட்டும் நிற்கும்.

பிள்ளையைப் பயப்படுத்தக் கூடாது என்று தர்மிளாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கடையில் நிற்கும்போது தொலைபேசி வந்தது. பாலாவின் முதலாளி செபஸ்தியாம்பிள்ளை அண்ணை.

"தங்கச்சி, பாலா இண்டைக்கு வேலைக்கு வரேல்லை. வீட்டிலையோ நிக்கிறார்?"

"காலமை எட்டுக்கே அந்தப் பெல்ட்டையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர் அண்ணை."

"சொல்றன் எண்டு குறை நினைக்காதையும். நேற்று முழுக்க குளிர் அறைக்கு முன்னாலை நிண்டவர். உள்ளை தொங்கின இறைச்சியைப் பார்த்து அழுதவர், தங்கச்சி."

காசு மேசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மழை. மணி மூன்றரை இருக்கும். முற்றக் கதவு திறந்திருந்தது. வாசலில் மர்கரீத் முத்திரையோடு நின்றாள். நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று தெரிந்து நின்ற மாதிரி.

"என்ரை மனிசன் எங்கை?" என்று தமிழிலேயே கத்தினேன்.

"வந்துவிட்டார்" என்றாள். "வருகிறேன் என்றுதானே சொன்னார்? உங்கள் ஆட்கள் சொல் தவற மாட்டார்கள்."

"நான் உள்ளை போகவேணும்."

"முத்திரை இல்லாமல் யாரும் உள்ளே போவதில்லை."

கையை நீட்டினேன். குத்தினாள்.

அறைகளில் வெளிச்சம் இல்லை. கைத்தொலைபேசி விளக்கைப் போட்டேன், எரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த நடைக்குள் இறங்கினேன். கால் சரிவில் தானாகவே முன்னுக்குப் போனது. இந்தத் தடவை முடிவில் இரும்புக் கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே நல்ல இருட்டு.

சூடு.

நிறைய ஆட்கள்.

தோளோடு தோள் முட்ட நின்றார்கள். நான் நுழைந்ததும் எல்லாரும் மெல்ல இடம் விட்டார்கள், பிறகு என்னைச் சுற்றி மூடினார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. மூச்சு மட்டும் என் கழுத்தில், காதில், நெற்றியில். தொங்கிய கைகளில் மணிக்கட்டுகள் மட்டும் ஊதாவாகத் தெரிந்தன. ஒரு வட்டம், ஒரு கோடு. ஒரு வட்டம், ஒரு கோடு. எண்ண முடியவில்லை.

"அக்கா" என்றது ஒரு குரல். தமிழ்க் குரல். "மழை விட்டிட்டுதோ?"

குரல் வந்த பக்கம் திரும்பினேன்.

"நேரம் என்ன அக்கா?" இது ஒரு பெண். மிகவும் களைத்த குரல். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வரவேணும். எத்தினை மணிக்கு விடுவினம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் வேறு எந்தச் சனம் வாசலில் நின்று, கைகூப்பி, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும்? எங்கள் ஆட்களைத் தவிர.

"பாலா!" என்று கத்தினேன். இருட்டில் கையால் துழாவினேன். ஈரச் சட்டைகள், கம்பளிக் கோட்டுகள், ஒரு சேலைத் தலைப்பு. ஒவ்வொருவரையும் இடுப்பில் தடவினேன். வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. கடைசியில், மூலையில், என் விரலில் அந்தப் பித்தளைக் கொக்கி தட்டுப்பட்டது.

பதினைந்து வருடமாக நான் திட்டித் தீர்த்த கொக்கி. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் அசையவில்லை. முதுகில் கையை வைத்துத் தள்ளினேன், பெல்ட்டில் பிடித்து இழுத்தேன், வாயில் வந்தபடி ஏசினேன். ஒரு அடி வைத்தார். பிறகு இன்னொரு அடி. மேட்டில் ஏறும்போது மற்றவர்களும் எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தார்கள். கம்பிவரை வந்து நின்றுவிட்டார்கள்.

வாசலில் மர்கரீத் தடியைக் குறுக்கே பிடித்திருந்தாள்.

"போகிறீர்களா, திரும்பி வருகிறீர்களா?"

"போறம்" என்றேன். "ரெண்டு பேரும் போறம்."

"அவர் சொல்ல வேண்டும்."

பாலா வாயைத் திறந்தார். தொண்டையில் ஏதோ உறுமியது. பிறகு பழக்கதோஷத்தில், "போட்டு..." என்று தொடங்கினார். பாய்ந்து அவருடைய வாயைப் பொத்தினேன்.

"போறன் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவும்தான். போறன்."

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று. பெயர் மறந்து, வீடு மறந்து, பேச்சு மறந்து நிற்கிற மனிசன், இந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மாட்டேன், மாட்டேன் என்று ஆட்டினார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"சொல்லுங்கோ அப்பா, கும்பிட்டுக் கேக்கிறன்."

ஆட்டினார்.

மர்கரீத் இரும்புக் கதவுப் பக்கம் பார்த்து நாக்கால் ஒரு சத்தம் போட்டாள். மாட்டைக் கூப்பிடுகிற சத்தம். பாலாவின் கால் அந்தப் பக்கம் திரும்பியது.

கையை ஓங்கி அவர் கன்னத்தில் அடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"உங்கடை அப்பா அதைச் சொன்னதாலை சாகேல்லை! ஷெல் விழுந்துதான் செத்தவர்! கேக்குதே? ஷெல் விழுந்து! சொல்லுங்கோ!"

அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னைத்தான் பார்த்தார்.

"போறன்" என்றார்.

பதினேழு வயதுப் பெடியனின் குரல் மாதிரி இருந்தது.

மர்கரீத்தின் முகத்தில் அவ்வளவு வெறுப்பை நான் எந்த மனித முகத்திலும் கண்டதில்லை. பஞ்சை எடுத்து அவருடைய மணிக்கட்டில் தேய்த்தாள். இரத்தம் வரும்வரை தேய்த்தாள். ஊதா போய்விட்டது. பிறகு என்னுடையது.

"உங்கள் ஆட்கள் பிள்ளைகளை நன்றாகப் பழக்குகிறார்கள்" என்றாள், பஞ்சைக் கிண்ணத்தில் போட்டபடி.

பின்னால் இருட்டிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "அக்கா, என்னையும்..." நான் திரும்பவில்லை. பாலாவை இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். அந்தக் குரலுக்கு நான் செய்தது பாவம். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் பொலிசுக்குச் சொன்னேன். அந்த மூன்றாவது அறைக் கதவுக்குள் ஆட்கள் அடைபட்டிருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவுக்குப் பின்னால் வாளியும் தும்புத்தடியும்தான் இருக்கின்றன மடாம் என்றார்கள்.

பாலா தேறிவிட்டார். நத்தார் பண்டிகைக்கு முதல் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார். கொத்துரொட்டித் தகட்டின் சத்தம் கடைக்கு வெளியே கேட்டபோது நான் தெருவில் நின்று விசும்பினேன். பெல்ட்டை மட்டும் குப்பையில் போடப் போனார், நான்தான் விடவில்லை. படிக்கட்டில் சத்தம் நின்றுவிட்டது. ஜனவரியில் ஒருநாள் பகல், மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த முற்றம்வரை போய்ப் பார்த்தேன். கதவில் பெரிய எழுத்தில், மூடப்பட்டது என்று ஒட்டியிருந்தது. கீழே சின்ன எழுத்தில் நாலைந்து வரி இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. காறித் துப்பிவிட்டு வந்தேன்.

தர்மிளாவுக்கு அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, இரவில் நித்திரை கொள்ளமாட்டாள் என்று இருவருமாகத்தான் முடிவெடுத்தோம்.

மூன்று கிழமைக்கு முதல், பின்னேரம், அவள் பள்ளிக்கூடத்தால் வந்து மேசையில் இருந்து பாணும் பட்டரும் சாப்பிட்டாள். பாலா அன்று ஓய்வு. அவளுக்குப் பால் ஆற்றிக்கொண்டு நின்றார். பாணுக்கு அவள் கை நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது.

ஒரு வட்டம். குறுக்கே ஒரு கோடு.

"இது ஆர் அடிச்சது?" அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பினேன்.

அவள் பிரெஞ்சில் உற்சாகமாகச் சொன்னாள். மூடிப்போன ஒரு மியூசேயின் சாமான்களைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டு போகிறார்களாம். இன்றைக்கு அவர்களுடைய வகுப்பாம். சேணமாம், சுருக்குக் கயிறாம், எல்லாருக்கும் முத்திரையாம். மணி அடித்ததும் அந்த வயதான மடாம் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டாவாம், போகிறாயா, திரும்பி வருகிறாயா என்று. மற்றப் பிள்ளைகள் போகிறோம் என்றார்களாம். அவர்களுடையதைத் துடைத்துவிட்டாவாம்.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டார் பாலா.

அவள் தகப்பனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு பெருமை அந்த முகத்தில். எழுத்துப் பிசகாமல் தமிழில் சொன்னாள்.

"போட்டு வாறன் எண்டு சொன்னனான். நீங்கள் சொல்லித் தந்த மாதிரி, அப்பா."

பால் கோப்பை நிலத்தில் விழுந்து உடைந்தது.

அன்றைக்கே அந்த முற்றத்துக்கு ஓடினோம். புதிதாக வெள்ளை அடித்து, யாரோ கணினிக் கடை போடுகிறார்கள். நடை இல்லை, கம்பி இல்லை, இரும்புக் கதவு இருந்த இடத்தில் சுவர். பாலா சுவரைக் கையால் குத்தினார். வேலையாட்கள் பிடித்து வெளியே விட்டார்கள். பள்ளிக்கூட அதிபர் தந்த தொலைபேசி எண் பாவனையில் இல்லை. எந்த வாசலில் நின்று என் பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லுவாள்? எந்தப் பஞ்சு அதைத் துடைக்கும்?

இப்போது வீட்டில் வைத்தே சொல்லப் பழக்குகிறோம். வேறு வழி தெரியவில்லை. பாலா அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து கெஞ்சுகிறார். "போறன் எண்டு சொல்லு செல்லம். ஒருக்கா, அப்பாவுக்காக." ஒரு காலத்தில் கதவைத் திறந்துகொண்டு எவ்வளவு சுகமாகச் சொன்ன பிள்ளை. இப்போது வாயை மெல்ல மென்றுகொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"போட்டு வாறன், அப்பா."

படிக்கட்டில் அந்தச் சத்தமும் திரும்பத் தொடங்கி, கிழமைக்குக் கிழமை மேலே ஏறி வருகிறது. இன்றைக்கு வியாழக்கிழமை. கதவில் இரண்டு பூட்டும் போட்டிருக்கிறோம். பாலா முதுகைக் கதவில் கொடுத்து நிலத்தில் இருக்கிறார். தர்மிளா சப்பாத்தைத் தானே மாட்டிக்கொண்டு, கதிரையில் ஒழுங்காக இருக்கிறாள். கண் இமையில் ஒரு ஈ. அவள் சிமிட்டவில்லை.

மணி நாலு.

டக்.

மூன்றாவது தட்டில்.

டக்.

எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டது.

தர்மிளா கதிரையை விட்டு எழும்பினாள்.